மாமா செய்த செம்மரச் சுங்கான்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மணி அவர்களுக்கு,

சித்தூர் ஜில்லா சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த காலத்தில், என் தாய்மாமன் தமது வாழ்நாளில் செய்து முடித்த ஒரே புகையிலைச் சுங்கானைப் பற்றி இங்கே எழுதத் துணிகிறேன். முடியாமல் போனவை நான்கு உண்டு. அவை எங்கள் வீட்டு அடுப்பில் நன்றாகவே எரிந்தன.

மாமா மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். கங்காதர நெல்லூரில் அவருக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் காட்டிலாகாவில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையில் மூப்பர். சுங்கானில் புகையிலை அடைத்துப் பிடிப்பதைச் சபை ஆட்சேபிக்கவில்லை, துரைமாரும் அதையே செய்தபடியால். வெற்றிலை போடுவதோ அஞ்ஞானிகளின் வழக்கமென்று விலக்கப்பட்டிருந்தது. அந்த விலக்கை மிகக் கண்டிப்பாய் நடத்தியவர் இந்த மூப்பரே. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையின் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நாளில், ஒன்பது வயதுச் சிறுமியான நான், மூப்பர் சுவரோரம் வைத்திருந்த மண் சுங்கானை ஊதிப் பார்க்க எடுத்துக் கீழே போட்டேன். அது தூளாயிற்று. மூப்பர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். மாமாதான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, “கவலப்படாதீங்க, ஓல வாசிக்கிற ஞாயித்துக்கெழமைக்குள்ள என் கையாலயே ஒண்ணு செஞ்சு குடுக்கறேன்” என்றார்.

கலியாணத்துக்கு முன் ஆலயத்தில் மண ஓலை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பது எங்களில் வழக்கம். பெண்ணின் தாயாருக்கோ இந்தச் சம்பந்தத்தில் மனமே இல்லை. “புஸ்தகம் புடிக்கிற கையி வேற இன்னாத்துக்கு ஆவும்? செய்யட்டும், பாக்கலாம்” என்று அந்த அம்மாள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அதுமுதல் மாமாவின் கலியாணமே அந்தச் சுங்கானைப் பொறுத்ததாயிற்று. பென்சில் சீவுவதைத் தவிர வேறெதற்கும் மாமா கத்தியைத் தொட்டவரல்லர்.

அவர் ரயிலேறித் திருப்பதிக்குப் போய், யாத்திரிகருக்கு மரப்பொம்மை செதுக்கி விற்கும் ஒருவரிடம் செம்மரத் துண்டுகள் ஐந்து வாங்கி வந்தார். முதலில் துளையைப் போட்டுக்கொண்டு பிறகே வெளியே செதுக்கவேண்டும் என்று அந்த மனிதர் தெலுங்கில் இரண்டு முறை சொல்லியனுப்பினாராம். இதை எங்களிடம் சொன்னவர் மாமாவே. சொல்லிவிட்டு, முதலில் வெளியே அழகாகச் செதுக்கினார். பிறகு என் தகப்பனாரின் குடையைப் பிரித்து, அதன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் காம்பினுள் செலுத்தினார். கம்பி நேரே போகாமல் காம்பின் விலாவில் வந்து எட்டிப் பார்த்தது. நான்கு முறையும் அப்படியே. நான்கு முறையும் “மரம் சரியில்ல” என்றார்.

“மரம் நல்லாத்தான் கீது, கைதான் கோணலு” என்றாள் அம்மா. “உங்க மச்சான் குடையப் பிரிச்சு வெச்சுக்கினு உக்காந்துகிறியே, மழ வந்தா அவரு சுங்கானப் புடிச்சுக்கினு போவாரா?”

ஐந்தாவது துண்டில், வேறு வழியின்றி, துளையை முதலில் போட்டார். சரியாக வந்தது. புகையிலை அடைக்கும் குழியை உளியால் தோண்டினார். சொரசொரப்பான பராய் இலையால் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை, மண் சுங்கானை உடைத்த குற்றத்துக்காக என் தலையில் விழுந்தது. இரண்டு நாளில் என் விரல்நுனித் தோல் போயிற்று. மரம் மட்டும் மாதுளம்பழம்போல் ஆயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமை, வாயில் வைக்கும் நுனி இன்னும் மெல்லியதாய் இருக்கவேண்டுமென்று சீவத் தொடங்கினார். “போதும் மாமா” என்றேன். “நீ சும்மா இரு” என்றார். நுனியில் நீளமாக வெடிப்பு விட்டது.

சற்றும் கலங்காமல் செம்மரத் தூளைக் கருவேலம் பிசினில் குழைத்து, வெடிப்பில் அப்பிக் காயவைத்து, மெழுகு பூசினார். வெடிப்பு மறைந்துவிட்டது.

“தண்ணி பட்டா பிசினு கரையாதா மாமா?”

“சுங்கான்ல எவன்டி தண்ணி ஊத்தறான்?”

படித்த மனிதர்.

ஞாயிறன்று ஆலயத்தின் வெளியே மூப்பர் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பற்றவைத்து, மணியடிக்கும்வரை சுகமாகப் புகைத்தார். பிறகு உள்ளே வந்து, சபையைப் பார்த்தாற்போல் போடப்பட்டிருந்த மூப்பர் நாற்காலியில் அமர்ந்தார். உதடும் வெள்ளை மீசையும் செக்கச்செவேலென்று இருந்தன.

“அய்யய்யோ, மூப்பரு வெத்தல போட்டுக்கினு வந்துகிறாரு!” என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல். “சட்டமெல்லாம் நம்மளுக்குத்தான்” என்று மற்றொன்று.

கையில் மண ஓலையோடு நின்ற போதகர் குனிந்து, “இதென்னங்க மூப்பரே?” என்று கேட்டார். மூப்பர் கைக்குட்டையால் வாயைத் துடைத்து, அதிலிருந்த சிவப்பைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கடைசியாகத் தம் மனைவியைப் பார்த்தார்.

“வெத்தல போட்டேங்க. தப்புதான்” என்றார்.

எழுந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். போதகர் ஓலையை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நான் துள்ளியெழுந்து, “வெத்தல இல்ல, பிசி—” என்று தொடங்குவதற்குள் அம்மா என்னை இழுத்து வாயைப் பொத்திவிட்டாள். மூச்சுத் திணறியது. வேறு ஆட்சேபம் எழவில்லை.

மூப்பரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். வெகுகாலம் அவர் ஆலயத்தில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தில் சேரவில்லை. கலியாணம் மட்டும் குறித்த நாளில் நடந்தது.

கலியாண விருந்தில் அவர் என்னைத் தம் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். ஓய்வுநாள் பள்ளியில், பொய் சொல்லாதே என்பது உட்படக் கர்த்தரின் பத்துக் கற்பனைகளையும் மனப்பாடமாய் ஒப்புவித்து வந்தவள் நான். “கோயில்ல பொய் சொன்னவங்க பக்கத்துல நான் உக்கார மாட்டேன்” என்றேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. அம்மா தலையிலடித்துக்கொண்டாள். மாமா தம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுப்பெண் எழுந்து வந்து தன் தகப்பனாரின் தோளைத் தொட்டாள். அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாயிருந்தது. கலியாணம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனி அழ என்ன இருக்கிறது என்று எண்ணி, நான் வேறு பந்தியில் போய் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன். இத்தாள்களைத் தயவுசெய்து பத்திரப்படுத்தி வையுங்கள்.