பீரோவில் இல்லாத துப்பாக்கி

அடித்தவன் நான். அடி வாங்கியவர் ஏழுமலை. ஆனால், போலீஸில் இதை அப்படியே தலைகீழாகச் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். நான் பேராசிரியர் அல்லவா!

இத்தனை வருஷம் மூடி வைத்ததை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் ஒரு டீக்கடையில் எனக்குக் கிடைத்த பாராட்டு.

கள்ளிக்குப்பத்தில் காலை நடைக்குப் போகும் ரிட்டையர்ட் கோஷ்டி ஒன்று உண்டு. நடப்பது கொஞ்சம், பேசுவது நிறைய. அமெரிக்காவில் எங்கேயாவது எவனாவது துப்பாக்கியைத் தூக்கினால், மறுநாள் நாங்கள் சர்க்கரை இல்லாத டீயோடு உட்கார்ந்து தீர்ப்பு வழங்கிவிடுவோம். அன்றும் அதே வழக்குதான். துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கினால் குற்றம் குறையுமா, குறையாதா?

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வரதராஜனுக்கு இதில் கூடுதல் உரிமை. அவர் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைக் காட்டினார். “இதுக்கு சார் என்னிக்கோ பத்தியில பதில் எழுதிட்டாரே. ‘எந்த ரவுடிய்யா லைசென்ஸ் எடுத்துக்கிட்டு வர்றான்?’ அந்த ஒரு வரி போதும் சார்.”

கோஷ்டி தலையாட்டியது. நானும் அடக்கமாகப் புன்னகைத்தேன். டீயைத்தான் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசகர்களில் சிலருக்கு அந்தப் பத்தி நினைவிருக்கலாம். இதே பக்கத்தில்தான் வந்தது. நம் ஊரில் வெட்டுகிறவன் அரிவாளால் வெட்டுகிறான், குத்துகிறவன் கத்தியால் குத்துகிறான், அதற்கெல்லாம் லைசென்ஸ் உண்டா? சட்டத்தை மதிக்கிற பெரியவர்களின் துப்பாக்கியை மட்டும் தேர்தல்தோறும் பிடுங்கி வைக்கிறார்களே, இது என்ன நியாயம்?... என்றெல்லாம் பொரிந்து தள்ளியிருந்தேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

அதில் எழுதாமல் விட்ட ஒரு தகவல் உண்டு. அந்தப் பத்தியை எழுதியபோது ஏழுமலையின் கையில் மாவுக்கட்டு இருந்தது. உடைத்தவன் நான்.

முதலில் துப்பாக்கிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். புள்ளியியல் வாத்தியாரைக் கொல்ல யாருக்கு ஆசை வரும்? மாணவர்களுக்கு வரலாம். ஆனால், அவர்கள் முதல் வாரத்திலேயே தூங்கிவிடுவார்கள். இருந்தும் நான் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தேன். கள்ளிக்குப்பத்தில் வீடு கட்டிய புதிது. சுற்றிலும் காலி மனைகள். காப்பியடித்துப் பிடிபட்ட மாணவன் ஒருவன், “வெளியில வாங்க சார், பாத்துக்கறேன்” என்று சொல்லியிருந்தான். அதைத்தான் உயிருக்கு ஆபத்து என்று காட்டினேன். அவன் வெளியில் என்னைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. தன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தான்.

லைசென்ஸ் கிடைத்தது. இரட்டைக் குழல் துப்பாக்கி வந்தது. பீரோவில் குடியேறியது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு வெளியே வரும். மிக்ஸி, ஸ்கூட்டர், துப்பாக்கி... மூன்றுக்கும் சந்தனம், குங்குமம். திருடன் ஒருவன்கூட வரவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இது தவிர அது வீட்டை விட்டுக் கிளம்புவது தேர்தலுக்குத்தான். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு திருப்பித் தருவார்கள். பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோவேன். குறுக்கே பெரிய பார்சல், பக்கத்தில் முறைத்துக்கொண்டு நான். என்னைப் போய் சந்தேகப்படுகிறார்களே என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ரத்தம் கொதிக்கும்.

நான் ரிட்டையர்ட் ஆன பிறகு, அப்படி ஒரு தேர்தல் சமயத்தில்தான் அது நடந்தது.

ஏழுமலை எங்கள் தெருக்காரர். அவருடைய அப்பா இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நின்றவர். வயல் எல்லாம் எங்களைப் போன்றவர்களின் வீடாகிவிட்டது. மகன் ‘குட்டி யானை’ மினி லாரி ஓட்டினார். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சரக்கு அடிப்பார். ராத்திரி வந்தால் வண்டியை என் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துவார். நான் சொல்வேன். எடுப்பார். மறுநாள் மறுபடி நிற்கும். தெருவில் வேறு இடம் இல்லை என்பது உண்மை. அந்தத் தெருவே நான் கேட் வைப்பதற்காகப் போடப்பட்டது என்று நான் நினைத்ததும் உண்மை.

அன்று காலை எனக்கு அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தது. எங்கே என்று இன்று நினைவில்லை, அவ்வளவு பெரிய அவசரம். வண்டி நின்றது. கத்தினேன். அவர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். “எடுக்கறேன் சார், இரு” என்றார். அந்த ‘இரு’ எனக்குப் போதவில்லை. அவருடைய படிப்பையும் பிறப்பையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேன். இங்கே அதை எழுத மாட்டேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அவர் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார். “இன்னா பெர்சு, ரோடு இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தா?”

நாலு பேர் சிரித்தார்கள்.

நான் உள்ளே ஓடினேன். பீரோவைத் திறந்தேன்.

காலி. துப்பாக்கியைத் துடைக்கும் துணி மட்டும் கிடந்தது.

பின்னால் என் மனைவி ராஜம் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் சின்னக் குரலில்தான் சொன்னாள். “ஸ்டேஷன்ல குடுத்துட்டீங்க. மறந்துட்டீங்களா?”

அப்போதாவது நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? உட்காரவில்லை. கேட்டுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு பைப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய் வீசினேன். தலைக்குத்தான் வீசினேன். அவர் இடது கையால் தடுத்தார். சத்தம் கேட்டது.

அவர் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் இன்று பத்தி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டேஷனுக்கு நான்தான் முதலில் போனேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததே! என்னைக் கொல்ல வந்தார், தற்காப்புக்குத் தடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். தெருவில் வேடிக்கை பார்த்தவர்கள் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அவர் கட்டோடு வந்து நடந்ததைச் சொன்னபோது, “புரொபசர் போய் உன்ன அடிப்பாரா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். வழக்கு அவர் மேல் விழுந்தது. இரண்டு வருஷம் இழுத்து, சாட்சி இல்லை என்று முடிந்தது. நடுவில் அவருக்கு துபாயில் டிரைவர் வேலை ஒன்று வந்தது. போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். வழக்கு இருந்ததால் கிடைக்கவில்லை. வேலை போயிற்று.

எனக்கு? லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. இன்னும் ஆபத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறதே, இதோ எஃப்.ஐ.ஆர். என்று நீட்டினேன். நான் கையை உடைத்த மனிதரைக் காட்டியே துப்பாக்கியை நீட்டித்துக்கொண்டவன் நான். படித்தவன் செய்கிற தப்பில் எப்போதும் ஒரு ஃபினிஷிங் இருக்கும்.

வீட்டில் ஒரே ஒரு மாற்றம். ராஜம் அரசியல் செய்தி பார்க்க ஆரம்பித்தாள். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி எதையும் விடமாட்டாள். “அடுத்தது எப்போ? எப்போ கொண்டுபோய்க் குடுக்கணும்?” இந்த தேசத்தில் தேர்தலை அவ்வளவு ஆவலாக எதிர்பார்த்த குடிமகள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. தெரியும்.

சரி, சட்டம் குற்றத்தைக் குறைக்குமா?

வாழ்க்கை பூராவும் எண்களோடு இருந்தவன் சொல்கிறேன். எண்களை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். நானே வாதாடியிருக்கிறேன். அரிவாளுக்கு லைசென்ஸ் இல்லை என்பது இன்றும் உண்மை. இரும்பு பைப்புக்கும் இல்லை. சட்டம் என்னை அன்று நல்லவனாக்கவில்லை. ஏழுமலையின் கையையும் காப்பாற்றவில்லை. ஆனால், எந்த அட்டவணையிலும் வராத ஒரு விஷயம் இருக்கிறது. நடக்காத கொலைக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. அன்று நடக்காமல் போன ஒரு கொலை எனக்குத் தெரியும். அது என் பண்பால் நின்றதாக நினைக்க வேண்டாம். தேர்தல் தேதி அறிவித்திருந்தார்கள், அவ்வளவுதான். ரவுடிகளைப் பற்றி நான் அவ்வளவு எழுதினேனே... சட்டம் அன்று தடுத்தது ரவுடியை அல்ல. ரிட்டையர்ட் புரொபசரை.

டீக்கடைப் பாராட்டுக்கு மறுநாள் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றினேன். ராஜம், “இப்ப தேர்தல் எதுவும் இல்லையே?” என்றாள். இந்தத் தடவை திரும்பி வராது என்றேன். உடனே ஆட்டோ பிடிக்கப் போனாள்.

ஸ்டேஷனில் ஒப்படைக்கும் காரணத்தை எழுதச் சொன்னார்கள். ‘எனக்கு யாராலும் ஆபத்து இல்லை. என்னால்தான் ஆபத்து’ என்று எழுதினேன். ரைட்டர் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சார், இப்பிடி எழுதினா மேல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. ‘வயசாயிடுச்சு, பராமரிக்க முடியல’ன்னு எழுதுங்க. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவாங்க.” பழைய புகார் பொய் என்றும் சொன்னேன். அந்த வழக்கு முடிந்து யுகமாகிறது, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கள் என்றார். பொய்யை நம்பிய இடத்தில் உண்மைக்கு வயசாகிவிட்டது என்றார்கள். இருந்தும் நான் எழுதியதை மாற்றவில்லை.

பிறகு ஏழுமலையைத் தேடிப் போனேன். இத்தனை வருஷமாக அவர் வண்டியை என் கேட் பக்கமே விட்டதில்லை. தெருக்கோடியில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே நிறுத்துகிறார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். துடைப்பதை நிறுத்தவில்லை.

“இப்ப இன்னாத்துக்கு சார் அதெல்லாம்?”

மனசு பாரமாக இருக்கிறது என்றேன்.

“உங்க பாரத்த ஏத்த என் வண்டிதான் கெட்ச்சுதா?”

அவர் சிரிக்கவில்லை. கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இடது கை, கியர் போடும் கை. மழைக்காலத்தில் பூந்தமல்லி போய் வருவதற்குள் மரத்துவிடுகிறது என்றார். குறையாகச் சொல்லவில்லை, வண்டியின் ரிப்பேரைச் சொல்வது போலச் சொன்னார். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன் என்றேன். அன்று பீரோவைத் திறந்ததையும், தேர்தலால் அது காலியாக இருந்ததையும் சொன்னேன்.

அப்போதுதான் துணி நின்றது.

“அன்னிக்கு உள்ள ஓடினது அதுக்கா?”

“ஆமாம்.”

“நான், தண்ணி குடிக்கப் போறீங்கன்னு நென்ச்சேன் சார். வயசானவரு, மூச்சு வாங்குதேன்னு அப்டியே நின்னுகினு இருந்தேன்.”

துணி மறுபடி நகர்ந்தது. “எத்தினி எலீக்சன் ஓட்டு போட்டுக்கீறேன். எனக்குன்னு நடந்த ஒரே நல்லது அதான் போல கீது.”

உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். துபாய் போகிற வயசெல்லாம் போய்விட்டது, ஒன்றும் வேண்டாம் என்றார். நான் திரும்பி நடந்தபோது கூப்பிட்டார்.

“சார். தெருவே பாக்க என்னிய அடிச்சீங்க. நான் அடிக்க வந்தேன்னு ஊரு பூரா நம்புச்சு. இப்ப காதாண்ட வந்து சொல்லிட்டுப் போறீங்க. பேப்பர்ல எய்துவீங்கல்ல, அதுல எய்துங்க. என் பேர் போட்டு எய்துங்க.”

எழுதிவிட்டேன். அவர் பெயர் ஏழுமலை.

நேற்று மாலை அவருக்கு இதைப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். எடுத்தவுடனே தன் பேர் வருகிறதா என்று மறுபடி உறுதி செய்துகொண்டார்.

இன்று காலை ஜன்னலைத் திறந்தேன். என் கேட்டுக்குக் குறுக்கே, இம்மியும் இடம் விடாமல், குட்டி யானை நிற்கிறது. எனக்கு இன்று பல் டாக்டரிடம் போக வேண்டும்.

பீரோ நினைவுக்கே வரவில்லை என்று எழுத ஆசைதான்... வந்தது. நல்லவேளை, அதில் இப்போது ராஜம் போர்வைகளை அடுக்கி வைத்திருக்கிறாள்.