துளைக்குள் கடதாசி

பல்கலைக்கழகத்தில் என்னிடம் ஒபெரா பாட்டுப் படிக்கும் மாணவி, தன் உம்மாவின் பழைய கசெற் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் விளிம்புத் துளையில் விரல் பட்டதும் கல்முனை வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒன்பது வயதில் நான் பாடியதை வாப்பாதான் பதிந்தார். பதிந்ததும் கசெற்றின் விளிம்பிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் பல்லைப் பேனாக்கத்தியால் உடைத்துத் துளையாக்கினார்.

"இனி இதுக்கு மேல ஆருக்கும் பதிய ஏலா, மகள்."

வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் போட்டுக் காட்டுவார்.

நான் வயதுக்கு வந்து பெரியபிள்ளையான பிறகு ஒருநாள் அதைப் போட்டேன். அதில் என் பாட்டு இல்லை; தம்பி குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தான். கசெற்றை எடுத்துப் பார்த்தேன். துளைக்குள் கடதாசி.

"தெரியாமப் பதிஞ்சிட்டு, மகள்" என்றார் வாப்பா.

"மிஸ், இது தெரியாம அழிஞ்சிடுமா?" என்று மாணவி கேட்டாள்.

"அழியாது. ஆராவது கடதாசிய மடிச்சு, இந்தத் துளைக்குள்ள இறுக்கி அடைக்கணும்."