கண்ணையன் கொல்லையில் காமாக்கதிர்

கண்ணையனைப் போல இன்னொரு பொறாமைக்காரரைப் பார்க்க நாலு ஜில்லா சுற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் ஏப்பம் விட்டால் இவருக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில் ஒரு அண்டா கூழ் காய்ச்சிவிடலாம்.

எரிச்சலுக்கு மூலகாரணம் அடுத்த புன்செய்க் கொல்லைக்காரர் பூமாலை. ஒலக்கூர் பயிர்க் கண்காட்சியில் வருஷா வருஷம் அவருடைய கேப்பைக் கதிருக்குத்தான் முதல் பரிசு. அறுபத்தொன்பதாம் வருஷத்திலாவது அந்தப் பரிசைத் தட்டிப் பறிக்காவிட்டால் கண்ணையனுக்கு உயிர் தரிக்காது.

ஒரு சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் விவசாயிகள் நிகழ்ச்சி. கண்ணையன் பூமாலையின் பயிரை முறைத்துவிட்டு வருவதற்குள் அது முடிந்து, வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார். இவர் காதில் விழுந்தது கடைசி வரிதான்: "வலுவான காந்தப்புலம் இருந்தால் காமாக்கதிர் பீறிட்டுக் கிளம்பக்கூடும்."

புலம் என்றால் நிலம். கதிர் என்றால் கதிர். காமா? பெருங்கதிருக்கு இங்கிலீஷ் பேராயிருக்கும்!

மறுநாளே திண்டிவனத்தில் தேவசகாயத்தின் ரேடியோ ரிப்பேர் கடை.

"பழைய ஸ்பீக்கர் காந்தம் எத்தினி கீது?"

"எதுக்குங்க?"

"எதுக்கோ. பூமாலை வந்து கேட்டா மட்டும் இல்லன்னுடு."

மூட்டையோடு பஸ் ஏறினார். வழியிலிருந்த லாடமெல்லாம் மாட்டை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்ததாக ஊரில் பேச்சு.

கொல்லை முழுக்கப் புதைத்தார். சம்சாரம் அம்சவள்ளி தலையில் கை வைத்தாள்.

"இன்னாய்யா இது? பூமாலை வண்டி வண்டியா எரு அடிச்சிக்கினு கீறாரு, நீ இரும்பப் பொதைக்கிற?"

"கத்தாதடி, அவன் காதுல உழுந்துடும்!"

பயிர் முளைத்தது. களையும் முளைத்தது. களைக்கொத்தை மண்ணில் வைத்தால் காந்தம் கவ்விக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. களை பறிக்க வந்தவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். கண்காட்சியில் பூமாலையின் கதிர் உலக்கைத் தடி, இவருடையது சீரகம். மாலை மறுபடியும் பூமாலை கழுத்தில்.

கண்ணையன் நேரே தேவசகாயத்திடம் பாய்ந்தார். "உன் காந்தத்துல வலுவே இல்லய்யா! ரேடியோல சொன்ன கதிரு எங்க?"

விஷயம் புரிந்ததும் தேவசகாயம் ஸ்டூலிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் அதக் கேட்டேங்க. அது நட்சத்திரத்து சமாச்சாரம். நாடி மாதிரி துடிக்கிற நட்சத்திரம். அதோட காந்தம் இதவிடக் கோடி கோடி மடங்காம். அந்த வேகத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் கெளம்பும்னு சொல்றாங்க. அதாங்க காமாக்கதிர். கேப்பைக் கதிர் இல்ல."

கண்ணையன் யோசித்தார்.

"அந்த நட்சத்திரம் பூமாலை கொல்லைக்கு நேரா கீதா?"

"எல்லார் தலைக்கும் மேலதாங்க கீது."

"எல்லாருக்குமா? அவனுக்கும் சேத்தா?"

"ஆமாங்க."

கண்ணையன் முகம் அடிப்பிடித்த கூழாகிவிட்டது. "அவனுக்கு எதுக்குய்யா அது?"