மீசை வைத்த ரயில்

திண்டிவனம் ஸ்டேஷனில் இன்று டீசல் நெடி மூக்கில் ஏறியதும், செஞ்சியில் எங்கள் வீட்டுச் சுவரில் நைனா ஒட்டிவைத்திருந்த, முகத்தில் பூனைமீசை வரைந்த பச்சை டீசல் ரயிலின் படம்தான் நினைவுக்கு வந்தது. யாரோ கொடுத்த இங்கிலீஷ் பத்திரிகையில் கிழித்தது.

அறுபதுகளின் தொடக்கம். ஐந்தாவது முடித்துவிட்டு, திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பேன் என்று பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நான் அழுதபோது, "நம்மூருக்கு இதே ரயிலுக்கு ஆர்டர் குடுத்திருக்காங்க, சீமையில கட்டுறாங்க. வந்ததும் அதுல போவலாம்" என்றார் நைனா. அதன்பின் வேர்க்கடலை உரிக்கிற சாயங்காலங்களில் எல்லாம், கை தன்பாட்டுக்கு உரித்துக்கொண்டிருக்க, "இன்னா நைனா, எது வரைக்கும் வந்திருக்குது?" என்று நான் கேட்பதும், சக்கரம் மாட்டியாச்சு, சீட்டுக்குத் துணி தைக்குறாங்க, மீசைக்குப் பெயிண்டு காயணும் என்று அவர் அலுக்காமல் சொல்வதுமாக மூன்று வருஷம் போனது, என் ஜன்னலோரச் சீட்டின் புதுத்துணி வாசனைகூட எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஜூனில் தம்பி ஐந்தாவது முடித்திருந்தான். டிரங்குப் பெட்டியோடு அவனைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றினார் நைனா.

"ரயிலு?" என்றேன்.

"அவனுக்கு இன்னாத்துக்கு ரயிலு? அதான் பஸ்ஸு இருக்குதே."