ஆயுத பூஜையன்று ஈரமான பொடி

என் மாணவி ஒருத்தியின் மேல் பொய்ப்பழி சுமத்தி, அவளுடைய ஆராய்ச்சிப் படிப்பைக் கெடுத்தேன். பிழை என்னுடையது. அது எனக்கு அன்றே தெரியும்.

தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு நான் தலைவனாக இருந்தேன். கிருமிகளைத் தடுக்கும் ஆன்டிபாடி மருந்தை ஊசியாகப் போடாமல், பொடியாக்கி மூச்சில் இழுக்கும்படி செய்வது எங்கள் வேலை. ஊசி மருந்துக்குக் குளிர்பெட்டி வேண்டும். பொடி கெடாமல் நின்றால், அடிக்கடி கரன்ட் போகும் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் வைத்திருக்கலாம். நேரே நுரையீரலுக்குப் போகும். ஆன்டிபாடியைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து, சூடான காற்றில் தூவி உலர்த்துவோம். காய்ந்த சர்க்கரைதான் அதை உருக்குலையாமல் பிடித்து வைக்கும். ஈரம் பட்டால் சர்க்கரை இளகும், பொடி கட்டிதட்டும், மருந்து வீணாகும்.

மாதக்கணக்கில் பாடுபட்டு அந்த மாணவி ஒரு பொடி செய்திருந்தாள். அவளுடைய பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. வலங்கைமான் பக்கத்து விவசாயி மகள்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா இயந்திரங்களையும் நிறுத்தித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பொடி அறையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தையும் நிறுத்தச் சொன்னேன்.

"பொடி இன்னும் டப்பாலதான் சார் இருக்கு. குப்பில அடைச்சு சீல் வைக்கல. அதை மட்டும் ஓட விட்டுடலாமே," என்றாள்.

"வருஷம் பூரா ஓடுது. அதுக்கும் லீவு குடும்மா," என்றேன். பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் டப்பாக்களை மூடிவிட்டுப் போனாள். காற்றே புகாத மூடிகள் அல்ல அவை. மாலையில் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. விஜயதசமி முடிந்து திறந்தபோது பொடி கட்டியாகக் கிடந்தது.

திட்டத்துக்குப் பணம் தந்தவர்கள் காரணம் கேட்டார்கள். பூஜைக்காக இயந்திரத்தை நிறுத்தினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாணவி மூடி போட மறந்துவிட்டாள் என்றேன். சிரித்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவளை நீக்கினார்கள். கெஞ்ச வந்த அவள் அப்பாவிடமும் அதையே சொன்னேன்.

ஓய்வுபெற்ற பிறகு மனம் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?" என்று டீ வரவழைத்தார்கள். கீழ்வேளூரில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் அவளைத் தேடிப் போனேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? எங்க அப்பாகிட்ட சொல்லுங்க. நான் சோத்துப் பானையைத் தொட்டாக்கூட, 'மூடி போட்டியா'ங்கறாரு."

அவள் அப்பா கொள்முதல் நிலையத்து வாசலில் தன் நெல்லுக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார். சொன்னேன். கையிலிருந்த கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மூடினேன்னு அவ அன்னிக்கே அழுதுகிட்டு சொன்னா. சார் அவ்வளவு படிச்சவரு, பொய் சொல்லுவாரான்னு நான்தான் அவ மேல கை நீட்டிட்டேன்." பிறகு, "போயிட்டு வாங்க," என்றார்.

சில வாரங்கள் கழித்து அவளுக்குப் போன் செய்தேன்.

"அப்பா இப்பல்லாம் மூடியைப் பத்திக் கேக்கறதில்ல சார்."

"நல்லதும்மா," என்றேன்.

"எதுவுமே கேக்கறதில்ல. நான் வீட்டுக்குப் போனா, அவரு எழுந்து வயலுக்குப் போயிடறாரு."