அக்காவைப் பிழைக்க வைக்க வந்தவர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாங்கள் இருந்தபோது, என் அக்கா சாக முயன்றாள். எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை எங்கள் லயத்தில், ஒரே கூரைக்கடியில் வரிசையாக நின்ற தொழிலாளர் வீடுகளில், எல்லோரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள், பார்க்காதவர்கள்தான் விலாவாரியாக.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் புத்தி சொல்ல ஆட்கள் வரிசையாக வந்தார்கள். "அம்மா மொகத்த நெனச்சுப் பாத்தியா புள்ள?" என்றார் ஒருவர். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல" என்றாள். அவளுக்குப் பொய் வராது. கேட்டவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கோபித்துக்கொண்டு போனார். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார் மாமா. எந்த வியாதிக்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான். அவரையே அது குணப்படுத்தியதாக அத்தை சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அக்காவுக்குச் சத்தம் ஆகாது. தொட்டால் ஆகாது. முகத்தைப் பார்த்துப் பேச வராது. தேயிலைக் கன்றுகள் வளர்க்கும் நாற்றுமேடையில் தனியாக, நிம்மதியாக, பல வருடம் வேலை செய்தாள். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை அதை மூடிவிட்டு அவளைக் கொழுந்தெடுக்க அனுப்பினார். விடிந்தால் பெரட்டு. எல்லோரையும் ஒன்றாக நிற்கவைத்து, இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று கங்காணி கத்துவார். அந்த நிமிஷம் வரை எங்கே போகிறோம் என்று தெரியாது. அக்கா முதலில் சாப்பாட்டை விட்டாள், பிறகு பேச்சை விட்டாள். அதற்கும் பிறகுதான் ஆஸ்பத்திரி.

செய்தி பரவி, உயிர் காக்கிற நிறுவனமொன்று வேனில் வந்து இறங்கியது. தோட்டத்து மண்டபத்தில் பதாகை, ஒலிபெருக்கி, வாழைப்பழம். கொழும்பிலிருந்து வந்த பேச்சாளர் ஆளுக்கொரு பலூன் கொடுத்து, கவலையை அதன்மேல் எழுதி, காலால் மிதித்து வெடிக்கச் சொன்னார். மண்டபமே படபடவென்று வெடித்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்ச் சுருண்டாள். "அழட்டும், விடுங்கள்! பாரம் இறங்குகிறது!" என்று பேச்சாளர் மைக்கில் முழங்கினார். அதையும் படம் பிடித்தார்கள்.

அந்த வேனில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரும் வந்திருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரி எதிலோ மனநல ஆலோசகர். அடுத்த வாரம் பஸ் பிடித்துத் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்டைக்கு உங்களுக்கு எது கஷ்டமாய் இருந்தது?"

"பலூன்" என்றாள் அக்கா.

"இப்ப?"

"நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்க."

அந்த அம்மா சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஆலோசகர் ஒருவர் வாயை மூடியதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். வெகுநேரம் கழித்து, கதவுப் பக்கம் பார்த்தபடி, "செத்துப்போகோணும் எண்ட நினைப்பு இப்பவும் வருதோ?" என்றார்.

எங்கள் அம்மா பதறிப்போனாள். "ஐயோ, அந்தப் பேச்ச எடுக்காதீங்க!"

"வருது" என்றாள் அக்கா, மழை வருகிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "பெரட்டுக்குப் போறப்ப."

இத்தனை பேர் வந்து போனார்களே, இதை ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பிறகு நிறுவனத்தின் செலவில் அந்த அம்மா வாரம் தவறாமல் வந்தார். வர முடியாத வாரம் முன்கூட்டியே சொல்லியனுப்புவார். நினைப்பு முற்றும்போது அக்காவுக்குப் பேச்சு வராது என்பதால் ஓர் ஏற்பாடு செய்தார். அவள் வாசலில் டம்ளரைக் கவிழ்த்து வைப்பாள். பார்த்தவர் பக்கத்தில் போய்ப் பேசாமல் உட்கார வேண்டும், அவளைத் தனியே விடக்கூடாது. பக்கத்து வீட்டுச் சித்தியும் முறை எடுத்துக்கொண்டார். பேசாமல் உட்காருவது எங்கள் லயத்துக்கே புதுத் தொழில். சித்தி முதல் நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, வெளியே வந்ததும் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார்.

பிறகு நானும் அந்த அம்மாவும் துரையைப் பார்க்கப் போனோம். எந்த மலை என்று முதல்நாளே சொல்லிவிட வேண்டும், தேயிலைச் செடிகளில் ஓரத்து நிரையாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம்.

"ஒருத்திக்குச் சொன்னா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார் துரை.

"நாளைக்கு எந்த மலை எண்டு உங்களுக்கு இண்டைக்குத் தெரியாதோ?"

"தெரியாமலா தோட்டம் நடத்துறேன்?"

"அப்ப அதைச் சொன்னாக் காணும், வேறயொண்டும் வேண்டாம்."

துரை ஆபீஸ் கிளாக்கரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். கிளாக்கர் பேனாவைத் தேடினார். மறுநாள் பொழுது சாய, கங்காணி எங்கள் வாசலுக்கு வந்து மலையின் பேரைச் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மற்றப் பெண்களும் மறுநாள் சேதி கேட்க அக்காவிடம் வந்தார்கள். துரை பயந்தபடி தோட்டம் ஒன்றும் கவிழவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கண்டியில் ஒரு டாக்டர் அக்காவைப் பார்த்து, இதற்குப் பெயர் ஆட்டிசம் என்றார். "ஆட்டமா? எந்தச் சாமி?" என்றார் சித்தி. பெயர் வந்த கையோடு நிறுவனத்தின் திட்டம் முடிந்துபோனது. எங்கள் மலைப்பக்கம் சாக நினைப்பவர்கள் இனி இல்லை என்று யாரோ கொழும்பில் முடிவுசெய்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கும் வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. போகும் நாளை முன்னாலேயே சொன்னார்.

"அடுத்து யாரு வருவாங்க?" என்றாள் அக்கா.

"ஒருத்தரும் இல்லை."

"அது தப்பு."

"ஓம், பிழைதான்" என்றார் அவர்.

இப்போது நானும் சித்தியும் மாறி மாறி அக்காவைக் கண்டி கிளினிக்குக் கூட்டிப்போகிறோம். கெட்ட நாட்கள் இன்னும் வருகின்றன. அக்கா இருக்கிறாள். சென்ற முறை பஸ்ஸில் பாட்டை நிறுத்தச் சொல்லி டிரைவரோடு சண்டை பிடித்தாள். அவன் நிறுத்தினான்.