எத்தியோப்பியாவுக்கு நான் எழுதாத நற்சான்று

இதை எழுதப் பல வருடம் எனக்குக் கை வரவில்லை.

மார்த்தாண்டம் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் நான் சபைச் செயலாளர். மூன்று ஞாயிறு ஆராதனையில் சபையாருக்கு வாசிக்க வேண்டிய என் மகளின் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்த பிறகு, மாப்பிள்ளையான ஆங்கில வாத்தியார் வேண்டாமென்று விலகிவிட்டான். மறுவருடம், எத்தியோப்பியாவில் ஆசிரியர் வேலைக்குச் சபை நற்சான்று கேட்டு என் வீட்டுக்கே வந்தான்.

"மூணாவது ஓலைக்கு வராத ஆளுக்கு நற்சான்றா வே?" என்றேன்.

அவன் தலைகுனிந்து போனதும் மகள் சொன்னாள்: "எழுதிக் குடுங்கப்பா. அவரு கடல் தாண்டிப் போனாத்தான் நான் நிம்மதியா ஆராதனைக்குப் போவ முடியும்."

நான் எழுதவில்லை. எத்தியோப்பிய வேலை அவனுக்குக் கிடைக்காமல் போயிற்று. கர்த்தரே, அன்று அது எவ்வளவு இனித்தது!

இன்றும் அவன் ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்காருகிறான். என் மகள் வருவதில்லை.

இதைப் பிறருக்குச் சொன்னால், என்னை நல்லவனாக்காமல் அப்படியே சொல்லுங்கள்.